விம்பிள்டன் 2025: ரெண்டு செட்டும் தோத்தவர் ஜெயிச்சதா எப்படி வருது?

கேள்வி: மூணாவது செட்

2025 விம்பிள்டன் ஒற்றையர் முடிவுகளை முதல் சுற்றிலிருந்து எக்செல்லில் ஏத்திட்டு இருக்கேன். நாலு இடத்துல மாட்டிக்கிட்டேன்.

ஒண்ணு, நாலாவது சுற்றுல சின்னர்–டிமித்ரோவ் ஆட்டம். சின்னர் வெற்றின்னு போட்டு, பக்கத்துல 3-6, 5-7, 2-2ன்னு இருக்கு. தப்பா ஏத்திட்டாங்களா? ரெண்டாவது, 7-6க்குப் பக்கத்துல அடைப்புக்குள்ள ஒரே ஒரு எண்தான் இருக்கு. அது யாரோட புள்ளி? இன்னொருத்தர் எத்தனை எடுத்தார்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? மூணாவது, பேருக்கு முன்னால க்யூ, டபிள்யூ.சி., எல்.எல்.னு வருதே, அதெல்லாம் என்ன? கடைசியா, வெறும் ஸ்கோரை வச்சு ஆட்டம் எப்படிப் போச்சுன்னு ஓரளவாவது சொல்ல முடியுமா?

பதில்: பின்கோடு

முடிவு சரியாகத்தான் இருக்கிறது. ஸ்கோர் எப்போதும் வெற்றி பெற்றவர் பக்கமிருந்து எழுதப்படும். அவருடைய கேம் எண்ணிக்கைதான் முதலில் வரும். டிமித்ரோவ் 6-3, 7-5 என்று முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டார். மூன்றாவது செட் 2-2 ஆனபோது, சர்வ் போட்ட கையோடு மார்புத் தசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதோடு விலகிவிட்டார். அதனால் சின்னர் பக்கமிருந்து எழுதினால் 3-6, 5-7, 2-2, கடைசியில் 'ரிட்டயர்டு'. நீங்கள் எடுத்த இடத்தில் அந்தக் கடைசிச் சொல் விடுபட்டிருக்கும். அந்தச் சின்னர்தான் ஆறு நாள் கழித்துக் கோப்பையைத் தூக்கினார்.

ரிட்டயர்டையும் வாக் ஓவரையும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள். ஒரு பந்தாவது ஆடிய பிறகு விலகினால் ரிட்டயர்டு. எதிராளிக்கு அது வெற்றிக் கணக்கில் சேரும். ஆட்டம் தொடங்கும் முன்பே விலகினால் வாக் ஓவர். ஸ்கோரே இருக்காது, நேருக்கு நேர் கணக்கிலும் சேராது. 2022 அரையிறுதியில் நடால் வயிற்றுத் தசைக் காயத்தால் வராமல் போனதால் கிர்கியோஸ் ஆடாமலேயே ஃபைனலுக்குப் போனார். அதாவது ஃபைனலுக்கு வந்தபோது அவர் ஜெயித்த ஆட்டங்கள் ஐந்துதான், ஆறு இல்லை. உங்கள் அட்டவணையில் இதற்குத் தனி நெடுவரிசை வையுங்கள். இல்லையென்றால் கூட்டும்போது இடிக்கும்.

அடைப்புக்குள் இருப்பது டை-பிரேக்கில் தோற்றவரின் புள்ளி. செட் 6-6 ஆனால் அதை முடிக்க ஆடும் கடைசி கேம்தான் டை-பிரேக்: 7 புள்ளி, இரண்டு புள்ளி வித்தியாசம். ஆகவே எண் 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஜெயித்தவர் 7. 6 அல்லது அதற்கு மேலே இருந்தால் இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். 7-6(4) என்றால் 7-4. 7-6(6) என்றால் 8-6. 1980 ஃபைனலில் போர்கும் மெக்கன்ரோவும் ஆடிய நாலாவது செட்டைப் பழைய பட்டியலில் 6-7(16) என்று பார்ப்பீர்கள். மெக்கன்ரோ அந்த டை-பிரேக்கை 18-16 என்று எடுத்தார், ஆட்டத்தைப் போர்க் எடுத்தார்.

ஒரு இடத்தில் மட்டும் இந்தச் சூத்திரம் கால்வாரும். 2022லிருந்து நாலு கிராண்ட் ஸ்லாமிலும் கடைசி செட் 6-6 ஆனால் 10 புள்ளி டை-பிரேக். அங்கே எண் 8 வரை இருந்தால் ஜெயித்தவர் 10, அதற்கு மேல் என்றால்தான் இரண்டைக் கூட்ட வேண்டும். 2022 காலிறுதியில் நடால் ஃபிரிட்ஸை ஜெயித்த ஐந்தாவது செட் 7-6, டை-பிரேக் 10-4. இதைச் சுருக்கி 7-6(4) என்று போட்டுவிட்டால், பார்க்கிறவர் 7-4 என்றுதான் நினைப்பார். கடைசி செட் டை-பிரேக்குக்கு மட்டும் இரண்டு எண்ணையும் முழுதாக எழுதுங்கள்.

பதில்: ஒற்றைக்கை பேக்ஹேண்ட்

நாலாவது கேள்விக்கு நான் வருகிறேன், அதுதான் சுவாரசியமானது. ஸ்கோரிலிருந்து பிரேக் கணக்கை எடுக்கலாம். எதிராளி சர்வ் செய்த கேமை ஜெயிப்பதுதான் பிரேக். ஜெயித்தவர் எடுத்த கேம்களிலிருந்து அவர் சர்வ் செய்த கேம்களைக் கழித்தால் வருவது நிகர பிரேக், அதாவது இவர் உடைத்ததில் அவர் உடைத்ததைக் கழித்த மீதி.

6-4 என்றால் பத்து கேம், ஆளுக்கு ஐந்து சர்வ். 6-5 = 1. ஒரே ஒரு நிகர பிரேக். 7-5 என்றாலும் ஆளுக்கு ஆறு சர்வ், அதுவும் ஒன்றுதான். 6-2 என்றால் இரண்டு. 6-0 என்றால் மூன்று. 7-6 என்றால் டை-பிரேக்கை விட்டுவிட்டு 6-6 = பூஜ்யம். ஒற்றைப்படையில் முடியும் செட்டில்தான் சிக்கல்: 6-3 என்பது ஒரு பிரேக்காகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். முதலில் சர்வ் செய்தவர் ஜெயித்திருந்தால் அவருக்கு ஐந்து சர்வ், ஆகவே ஒன்று. இரண்டாவதாகச் சர்வ் செய்தவர் என்றால் நாலு சர்வ், ஆகவே இரண்டு. 6-1க்கும் இதே கதை, இரண்டு அல்லது மூன்று. அந்த செட்டில் யார் முதலில் சர்வ் என்பதைக் குறித்துவைக்காமல் 6-3ஐப் பார்த்து "நெருக்கமான செட்" என்று சொல்லிவிட முடியாது.

இதை வைத்து 2025 ஆண்கள் ஃபைனலைப் பாருங்கள். சின்னர் அல்கராஸை ஜெயித்தது 4-6, 6-4, 6-4, 6-4. நாலு செட்டிலும் ஒவ்வொரு நிகர பிரேக். புல்தரையில் இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் மோதினால் வழக்கமாக வரும் ஸ்கோர் இது. அதே வருடம் பெண்கள் ஃபைனல் ஸ்வியாடெக் 6-0, 6-0 அனிசிமோவா, 57 நிமிடம். செட்டுக்கு மூன்று வீதம் அனிசிமோவா ஆறு முறை சர்வ் செய்தார், ஆறும் போனது. விம்பிள்டன் ஃபைனலில் இந்த ஸ்கோர் இதற்கு முன் வந்தது 1911ல். அதுவும் இன்றைய பொருளில் ஃபைனல் இல்லை. அந்தக் காலத்தில் நடப்புச் சாம்பியன் நேராகக் கடைசி ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் அடித்துப் பிடித்து அவரிடம் வர வேண்டும். 'சேலஞ்ச் ரவுண்டு' என்று பெயர். 1922லிருந்துதான் சாம்பியனும் முதல் சுற்றிலிருந்து ஆடுகிறார். பழைய பட்டியலை ஏற்றும்போது 1921 வரைக்கும் ஒரு குறிப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

நிகர பிரேக் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த 2025 ஃபைனலின் முதல் செட்டில் சின்னர் 4-2 என்று பிரேக்கோடு முன்னால் இருந்தார். அங்கிருந்து அல்கராஸ் வரிசையாக நாலு கேம் எடுத்தார். 4-6 என்ற எண்ணில் அது தெரியவே தெரியாது. 2024 ஃபைனலும் அப்படித்தான்: அல்கராஸ் 6-2, 6-2, 7-6(4) ஜோகோவிச். மூன்றாவது செட்டில் 5-4, 40-0 என்று சாம்பியன்ஷிப் பாயின்ட் மூன்று கையில் வைத்துக்கொண்டு சர்வ் செய்த அல்கராஸ், அந்த கேமை இழந்தார். ஸ்கோர் 7-6 என்று மட்டும் சொல்லும், பூஜ்ய பிரேக் என்று கணக்கும் சொல்லும். உண்மையில் பிரேக்கும் இருந்தது, பதிலடி பிரேக்கும் இருந்தது.

கேள்வி தொடர்ச்சி: மூணாவது செட்

ரெண்டு பேருக்கும் நன்றி. பழைய வருஷங்களையும் சேர்க்கலாம்னு பார்த்தா இன்னொரு குழப்பம். 1973 ஃபைனல்ல 9-8(5)னு ஒரு செட் இருக்கு. 2019ல 13-12(3). 2010ல 70-68. எது விதி, எது விதிவிலக்கு?

பதில்: பின்கோடு

எல்லாமே அந்தந்தக் கால விதிதான். 1970 வரை விம்பிள்டனில் டை-பிரேக்கே கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும் வரை ஆட வேண்டும். 1969ல் கொன்சாலஸ்–பசாரெல் முதல் சுற்று ஆட்டம் 22-24, 1-6, 16-14, 6-3, 11-9 என்று 112 கேம் ஓடியது. கொன்சாலஸுக்கு அப்போது 41 வயது. 1971ல் டை-பிரேக் வந்தது, ஆனால் 6-6ல் இல்லை, 8-8ல். அதனால்தான் 1973ல் யான் கோடெஷ் மெட்ரவேலியை ஜெயித்த ஸ்கோர் 6-1, 9-8(5), 6-3. 1979லிருந்து 6-6ல். ஆகவே 9-8 என்ற செட்டை 1971 முதல் 1978 வரைதான் பார்ப்பீர்கள். வேறு வருடத்தில் வந்தால் தட்டச்சுப் பிழை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைசி செட்டுக்கு மட்டும் டை-பிரேக் இல்லாமலே தொடர்ந்தது. 2010ல் இஸ்னர்–மஹு ஆட்டம் 6-4, 3-6, 6-7(7), 7-6(3), 70-68. மூன்று நாளில் 11 மணி 5 நிமிடம். 47-47ல் ஸ்கோர் பலகையே நின்றுபோனது. அப்போதும் விதியை மாற்றவில்லை. 2018 அரையிறுதியில் ஆண்டர்சன் இஸ்னரை 26-24 என்று 6 மணி 36 நிமிடத்தில் ஜெயித்தார். அதற்குப் பின்னால் அதே கோர்ட்டில் ஆட வேண்டிய ஜோகோவிச்–நடால் அரையிறுதி இரவு 11 மணிக் கட்டுப்பாட்டில் நின்று மறுநாளைக்குப் போனது. அதன் பிறகுதான் 2019ல் கடைசி செட்டில் 12-12க்கு டை-பிரேக் என்று கொண்டுவந்தார்கள். 13-12(3) அந்த விதியில் வந்தது. 2022லிருந்து 6-6ல் 10 புள்ளி. 2023ல் ஸ்விட்டோலினா அசரென்காவை ஜெயித்த மூன்றாவது செட் 7-6, டை-பிரேக் 11-9, இந்தப் புது விதியில்.

நம்மூர்க்காரர் ஸ்கோர் ஒன்றும் இதில் வரும். 1961 அரையிறுதியில் ராமநாதன் கிருஷ்ணன் ராட் லேவரிடம் தோற்றது 6-2, 8-6, 6-2. அந்த 8-6 டை-பிரேக் இல்லாத காலத்து செட், பிரேக் கணக்கில் ஒன்று. அதற்கு முந்தைய சுற்றில் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று அவர் ஜெயித்திருந்தார். 1+1+1 இல்லை கவனியுங்கள், அந்த 6-1 குறைந்தது இரண்டு பிரேக்.

பதில்: ஒற்றைக்கை பேக்ஹேண்ட்

2019 ஃபைனலைத் தொட்டதால் ஒன்று சேர்க்கிறேன். ஜோகோவிச் 7-6(5), 1-6, 7-6(4), 4-6, 13-12(3) ஃபெடரர். கேமைக் கூட்டுங்கள்: ஃபெடரர் 36, ஜோகோவிச் 32. புள்ளியைக் கூட்டினாலும் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று சர்வ் கையில் இருந்தவரும் ஃபெடரர்தான். தோற்றவர் எல்லாக் கணக்கிலும் முன்னால் இருந்தார், மூன்று டை-பிரேக்கில் மட்டும் பின்னால். புல்தரையில் பிரேக் குறைவு என்பதால் டை-பிரேக் அதிகம் வரும். மொத்தப் புள்ளியை வைத்து யார் ஜெயித்திருப்பார் என்று கணிப்பது இங்கே களிமண் தரையைவிட அதிகம் ஏமாற்றும்.

பதில்: டிரா சீட்டு

எழுத்துகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. டிரா என்பது யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல். அதில் உள்ள 128 பேரில் 104 பேர் தரவரிசையில் நேரடியாக வருகிறார்கள். க்யூ என்பது தகுதிச் சுற்று, ரோஹாம்ப்டனில் மூன்று சுற்று ஜெயித்து வரும் 16 பேர். டபிள்யூ.சி. என்பது வைல்டு கார்டு, 8 இடம். 2001ல் 125வது இடத்தில் இருந்த இவானிசெவிச் அப்படி உள்ளே வந்துதான் ராஃப்டரை 6-3, 3-6, 6-3, 2-6, 9-7 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்தார். எல்.எல். என்பது லக்கி லூசர்: தகுதிக் கடைசிச் சுற்றில் தோற்று, யாராவது விலகியதால் உள்ளே வந்தவர். 2025ல் அர்ஜென்டினாவின் சொலானா சியரா லக்கி லூசராக வந்து நாலாவது சுற்று வரை போனார். பி.ஆர். என்று பார்த்தால் அது காயத்தால் நீண்ட நாள் ஆடாதவருக்குப் பாதுகாத்து வைத்த பழைய தரவரிசை.

பேருக்குப் பக்கத்தில் உள்ள எண் சீட், பலமானவர்கள் தொடக்கத்திலேயே மோதாமல் பிரித்துப் போடக் கொடுக்கும் வரிசை எண். 32 சீட். முதல் சீட் டிராவின் முதல் வரி, இரண்டாவது சீட் 128வது வரி. மற்றவர்களைக் குழு குழுவாகக் குலுக்கிப் போடுவார்கள். இதன் விளைவு: இரண்டு சீட் மோதுவது மூன்றாவது சுற்றுக்கு முன்னால் நடக்காது. மூன்றாவது சுற்றில் முதல் எட்டுப் பேருக்கு 25–32க்குள் ஒருவர், நாலாவது சுற்றில் முதல் நாலு பேருக்கு 13–16க்குள் ஒருவர், காலிறுதியில் 5–8க்குள் ஒருவர். யாரும் கவிழாவிட்டால் இப்படி. பெரும்பாலும் யாராவது கவிழ்வார்கள்.

பழைய வருடங்களை ஏற்றும்போது சீட்டும் உலகத் தரவரிசையும் ஒன்று என்று எடுத்துவிடாதீர்கள். 2002 முதல் 2019 வரை ஆண்களுக்குப் புல்தரைச் சூத்திரம் இருந்தது: தரவரிசைப் புள்ளியோடு, கடந்த 12 மாதப் புல்தரைப் புள்ளியை முழுதாக இன்னொரு முறை கூட்டி, அதற்கு முந்தைய 12 மாதத்தில் சிறந்த ஒரு புல்தரைப் போட்டியின் புள்ளியில் 75 சதவீதத்தையும் கூட்டுவார்கள். 2019ல் தரவரிசையில் நடாலுக்குக் கீழே இருந்த ஃபெடரர் இரண்டாவது சீட் ஆனதும் நடால் மூன்றாவது ஆனதும் இதனால்தான். 2020ல் போட்டியே நடக்கவில்லை, 2021லிருந்து சூத்திரம் போய்விட்டது. 2001க்கு முன் 16 சீட்தான், அதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் அட்டவணை சரியா என்று பார்க்க எளிய வழி: 64+32+16+8+4+2+1. மொத்தம் 127 வரி வர வேண்டும். 126 வந்தால் எங்கோ ஒரு வாக் ஓவரை விட்டிருக்கிறீர்கள்.

பதில்: எட்டு மில்லி

சீட் ஏன் கவிழ்கிறது என்பதற்குத் தரையைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். 2025ல் பிரெஞ்சு ஓபன் வாங்கிய கையோடு வந்த கோகோ காஃப் முதல் சுற்றிலேயே யாஸ்ட்ரெம்ஸ்காவிடம் 7-6(3), 6-1 என்று போனார். இரண்டு போட்டிக்கும் நடுவில் மூன்று வாரம்தான். 2014 வரை இரண்டே வாரம். களிமண்ணில் பந்து எழும்பி நிற்கும், மட்டையைப் பெரிதாகச் சுழற்ற நேரம் உண்டு. புல்லில் பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு வரும். அதே சுழற்றலோடு நின்றால் பந்து மட்டையின் விளிம்பில்தான் படும். முழங்காலை மடக்கி, மட்டையைப் பின்னால் இழுப்பதைக் குறைத்து, பந்தை முன்னால் சந்திக்க வேண்டும். ஓடி வந்து சறுக்கி நிற்கும் பழக்கமும் இங்கே ஆபத்து, குட்டிக் குட்டி அடியாக வைத்து நிற்க வேண்டும்.

முதல் மூன்று நாள்தான் மோசம். புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டுகிறார்கள், ஆட்டக் காலம் முழுக்க அதே உயரம். தொடக்கத்தில் இலையில் ஈரம் இருக்கும், பின்கோட்டில் (பேஸ்லைனில்) புல் இன்னும் தேயவில்லை, அதனால் வழுக்கும். கூரை மூடியிருந்தால் ஈரம் வெளியேறாது. 2021ல் சென்டர் கோர்ட்டில் கூரை மூடிய நாள் ஒன்றில், ஃபெடரரோடு ஆடிய மன்னரினோ வழுக்கி முழங்காலைத் திருகிக்கொண்டு விலகினார். அடுத்த ஆட்டத்திலேயே செரீனா வில்லியம்ஸ் முதல் செட்டில் 3-3 இருக்கும்போது வழுக்கி விலகினார். உங்கள் அட்டவணையில் 'ரிட்டயர்டு' எந்தச் சுற்றில் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும்.

இரண்டாவது வாரம் பின்கோட்டுப் பக்கம் புல் போய் மண்ணாகிவிடும், காலுக்குப் பிடிமானம் வரும். பழைய ஃபைனல் படங்களையும் இப்போதைய படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பு நடுவில் சர்வீஸ் கட்டம் வழியாக நெட் வரை பழுப்புப் பட்டை ஓடும். இப்போது நெட் பக்கம் பச்சை அப்படியே இருக்கிறது, பின்கோட்டில் மட்டும் வழுக்கை. சர்வ் போட்டுவிட்டு முன்னால் ஓடுகிறவர் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பதில்: ஒற்றைக்கை பேக்ஹேண்ட்

அதற்குக் காரணம் 2001ல் புல்லை மாற்றியதுதானே. மெதுவாக்கவேண்டும் என்றே மாற்றினார்கள்.

பதில்: எட்டு மில்லி

மாற்றியது உண்மை. அதற்கு முன் 70 சதவீதம் ரை புல், 30 சதவீதம் சிவப்பு ஃபெஸ்க்யூ. 2001லிருந்து முழுக்க ரை. ஆனால் மைதானத் தரப்பு சொன்ன காரணம் தேய்மானம் தாங்குவது. ரை நிமிர்ந்து நிற்கும், அடியில் மண்ணைக் காயவிட்டுக் கெட்டியாக வைக்க முடியும். கெட்டி மண்ணில் பந்து கொஞ்சம் மேலே எழும்பும், அதனால் ரிடர்ன் செய்கிறவருக்கு நேரம் கிடைக்கும். மறு வருடமே, 2002ல், ஹியூவிட்–நல்பாண்டியன் என்று இரண்டு பின்கோட்டு ஆட்டக்காரர்கள் ஃபைனல் ஆடினார்கள். மட்டை நரம்பும் அதே காலத்தில் மாறியது, பாலியெஸ்டர் நரம்பில் ரிடர்னைச் சுழற்றிக் காலடியில் இறக்க முடிந்தது. எல்லாவற்றையும் புல் தலையில் கட்ட வேண்டாம்.

பதில்: டிரா சீட்டு

எக்செல்லில் ஏற்றுகிறேன் என்றதால் ஒன்று. 6-4 என்று அப்படியே தட்டினால் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். 13-12 டிசம்பர் 13 ஆகிவிடும். 7-6(4) அடைப்பு இருப்பதால் தப்பிக்கும். தட்டிய பிறகு 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் பழைய ஸ்கோர் திரும்பாது, ஐந்து இலக்க எண் ஒன்று வந்து நிற்கும். தட்டுவதற்கு முன்பே நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்குங்கள். அதைவிட நல்லது: ஒவ்வொரு செட்டுக்கும் மூன்று நெடுவரிசை, ஜெயித்தவர் கேம், தோற்றவர் கேம், டை-பிரேக் எண். நெடுவரிசை அதிகமாகும், ஆனால் கூட்டலும் பிரேக் கணக்கும் தானாக வரும்.

கேள்வி தொடர்ச்சி: மூணாவது செட்

ஏப்ரல் 6, மே 7ன்னு ஏன் வந்துட்டே இருக்குன்னு இப்பதான் புரிஞ்சுது. பிரிச்சுப் போட்டுட்டேன். ரெண்டு பிரிவுக்கும் 127 வரி வருது. சின்னர்–டிமித்ரோவ் வரியில கூட்டல் சின்னருக்கு 10 கேம், டிமித்ரோவுக்கு 15. பக்கத்துல ரிட்டயர்டுன்னு போட்டு அந்த வரியை மட்டும் மஞ்சள் பண்ணி வச்சிருக்கேன்.